நீ கேட்ட இரண்டு மணித்தியாலம்

மச்சான்,

இன்றைக்கு மீனவர் சங்கக் கட்டடத்தில் கம்பியூட்டர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றினார்கள். சூடேறிய தூசியின் மணம் வெளியே வந்தது. நீ ரேடியோ திருத்தித் திரிந்த காலத்திலிருந்து உன் சட்டையில் இருந்த அதே மணம். கதவடியில் நின்ற நான் நிலையைப் பிடித்துக்கொண்டேன். நீ போனபிறகு இரண்டாவது வருசமாகக் கச்சான் காற்று அடித்து ஓய்கிறது. உன் முகம்கூடச் சில நேரம் கலங்கித்தான் வருகிறது. இந்த மணம் கலங்கவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல, ஓய்வுபெற்ற நம்முடைய தபால் மாஸ்டர் எழுதுகிறார். "பேசுற மாதிரியே எழுதட்டா?" என்று கேட்டார். "வேணாம், புத்தகத்தில வாற மாதிரி எழுதுங்க. அவன் வாசிக்கிற ஆள்" என்றேன். ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே எழுதச் சொன்னேன். அதை மாற்றினால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

ஊருக்கு நீ ரேடியோ பாஸ். மட்டக்களப்பில் வாவிக்கரையில் வீடு, வீட்டுக்குள் உன் அம்மாவோடு உங்கள் பறங்கியரின் போர்த்துக்கீசப் பாசை, வெளியே எங்களைவிட நல்ல தமிழ். மாங்கேணிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கு, படகுக்காரர்களின் ரேடியோக்களைத் திருத்த முதன்முதல் வந்த அன்று என் வீட்டில்தான் சோறு தின்றாய். கணவாய்க் கறியை மூன்றாம் தரம் போட்டுக்கொண்டு, "மச்சான், உன்ட பொஞ்சாதிக்கு ஒரு தங்கச்சி இரிக்கா?" என்று கேட்டாய். அவள் அகப்பையால் அடிக்க வந்தாள். அன்றிலிருந்து நாம் மச்சான்கள். சாதியும் சமயமும் வேறு என்று நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. அது நம் மச்சான் முறைக்குக் குறுக்கே வரவும் இல்லை.

முழங்கால் போய் நான் கடலை விட்டபிறகு சங்கத்தில் வாசல் பார்க்கிற வேலை கிடைத்தது. அந்த வருசம்தான் நீ அந்தக் குரல் பெட்டியைக் கொண்டு வந்து மூலையில் வைத்தாய். சேர்வர் என்றாய். எங்களுக்கு அது பெட்டிதான். கடலுக்குள் போனுக்கு நெட்வேர்க் ஒரு கணம் வரும், ஒரு கணம் போகும். அந்தக் கணத்தில் வீட்டுப் போன் சார்ஜ் இல்லாமல் கிடக்கும், அல்லது பெண்சாதி கிணற்றடியில் நிற்பாள். பெட்டி எந்த நேரமும் எடுத்துவிடும். கடலில் நிற்பவன் தன் படகின் இலக்கத்தை அழுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வைப்பான். வீட்டில் இருப்பவள் பிறகு அதே இலக்கத்தை அழுத்திக் கேட்பாள். வாசிக்கத் தேவையில்லை, எழுதத் தேவையில்லை. என்னைப்போல ஆட்களுக்காகவே செய்த பெட்டி அது.

அந்த மாதம் பெட்டிக்குள் சத்தம் கேட்கத் தொடங்கியது. பல்லி சொல்வதுபோலக் கடக், கடக். நான் போனில் சொன்னதும் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாய். காதை வைத்துக் கேட்டாய்.

"மச்சான், டிஸ்க் சாகப் போகுது. குரல் எல்லாம் கிடக்கிற போல்டரை வேற டிஸ்க்குக்கு மாத்தணும்."

பையிலிருந்து புதிய டிஸ்க்கை எடுத்துத் துணியால் துடைத்தாய். செய்யப்போவதை எனக்கு விளங்கப்படுத்திவிட்டுத்தான் எதையும் தொடுவாய். அது உன் பழக்கம். வாசல் பார்க்கிறவனுக்கு இது எதற்கு என்று நீ ஒருநாளும் நினைத்ததில்லை. அன்றும் சொன்னாய். முதலில் சேர்வரை நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகுதான் கொப்பி பண்ண வேண்டும். பண்ணி முடிந்ததும் அங்கே எத்தனை, இங்கே எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிறகு பழைய போல்டருக்கு வேறு பெயர் வைத்து, குரல் இனி இங்கே இருக்கிறது என்று சேர்வருக்குப் புது இடத்தைக் காட்டி, எழுப்பிப் பார்க்க வேண்டும். எல்லாம் சரிவந்தாலும் பழையதை ஒரு மாதத்துக்கு அழிக்கக் கூடாது.

"நிப்பாட்டாமச் செய்தா என்ன?" என்று கேட்டேன்.

"ஒருத்தன் எழுதிக்கொண்டிருக்கிற கடிதத்தை மற்றவன் பார்த்து எழுதினா, அது எங்க முடியிறது எண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்? பாதியில நிண்டிருவான். முடிஞ்சிட்டு எண்டும் நினைப்பான். எனக்கு ரெண்டு மணித்தியாலம் தா. ஒம்பது மணிக்கு நிப்பாட்டுறன், பதினொண்டுக்கு எழுப்புறன்."

"அதுக்குள்ள படகில இரிந்து எடுத்தா?"

"அதுக்குத்தான் இது" என்று உன் போனை எடுத்து மேசையில் வைத்தாய். "சங்கத்து நம்பருக்கு வாறதெல்லாம் இதுக்கு வாற மாதிரித் திருப்பி விடுறன். நீ எடு. கேள். மண்டைக்குள்ள வை. பெட்டி எழும்பினதும் ஒவ்வொண்டாச் சொல்லு, உன்ட குரலிலயே பதிஞ்சு விடுறன்."

"நானா?"

"வேற ஆரு? இந்தப் பெட்டிக்குக் கரண்ட் வேணும். உனக்கு ஒரு பிளேன்டீ காணும்."

நீ பகிடிக்குச் சொல்லவில்லை. உனக்குத் தேவைப்படும் போன் நம்பர்களை என்னிடம்தான் கேட்பாய். எந்தப் படகு எந்த நாள் எந்தக் காற்றில் போனது என்று நான் சொல்ல, நீ பெட்டியில் பார்த்துவிட்டுத் தலையாட்டுவாய். ஒருநாளும் பிழை வந்ததில்லை. அப்படியிருந்தும் நான் என்ன சொன்னேன்?

"ஏலா மச்சான். படகுகள் வெளிய நிக்குது. ஆள் கடலில நிக்கக்குள்ள நாங்க கடப்பைக் கட்டுறல்ல. தெரியும்தானே?"

உனக்குத் தெரியும். எங்கள் தெருவில் கடலுக்குப் போனவன் திரும்பி வரும்வரை அந்த வீட்டு வேலி வாசலில் உள்ள கடப்பை மூடிக் கட்டமாட்டார்கள். மாடு புகுந்து மரவள்ளியைத் தின்றாலும் திறந்தே கிடக்கும். நான் அதைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குப் பொருத்தினேன். சங்கத்து நம்பர் ஊர் முழுதுக்குமான கடப்பு, அதை மூடினால் குற்றம் என்றேன். குரலையும் உயர்த்தினேன்.

நீ கொஞ்ச நேரம் டிஸ்க்கைக் கையில் வைத்துப் புரட்டினாய். "சரி. உங்கட கடல், உங்கட ஊர். ஓட ஓடக் கொப்பி பண்ணுறன். மத்தியானம் படகெல்லாம் கரைக்கு வந்ததும் நிப்பாட்டி, மிச்சத்தையும் அள்ளி எடுப்பம். அதுவரைக்கும் இந்தக் கிழவன் உயிரோட இரிந்தாச் சரி" என்று பழைய டிஸ்க்கைத் தட்டினாய்.

அது இருக்கவில்லை. பத்தரை மணிபோலக் கடக் கடக் என்ற சத்தம் வேகமாகி, ஒரு கீச்சொலியோடு நின்றது. நீ எழும்பி நின்றாய். எதையெதையோ கழற்றிப் பூட்டினாய். பிறகு கதிரையில் இருந்து, "வந்தவரைக்கும் வந்ததுதான்" என்றாய். புதிய டிஸ்க்கில் அதுவரை வந்திருந்ததை வைத்துப் பெட்டியை எழுப்பினாய்.

மத்தியானம் எல்லாப் படகும் வந்தன, தவராசாவின் படகைத் தவிர. அவனும் அவன் மச்சான் யோகனும் போன படகு. தவராசாவின் பெண்சாதி புவனேஸ் சங்கத்துக்கு ஓடி வந்து படகின் இலக்கத்தை அழுத்தினாள். செய்தி இருந்தது. நீ எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாய். தவராசாவின் குரல்:

"நாங்க ரெண்டு பேரும் சுகம். எஞ்சின் நிண்டிட்டு. கோயில் கோபுரம் நேர் மேற்கால தெரியுது. ஆனா நீரோட்டம் இண்டைக்கு…"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு காற்றுக்கூட இல்லை. நீ மறுபடி போட்டாய். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அவன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கொப்பி அந்தக் குரலைக் கடந்து போயிருக்கிறது. மிச்சம் செத்த டிஸ்க்கில் இருந்தது.

கச்சான் காலத்தில் எங்கள் கடலில் நீரோட்டம் வடக்கே இழுக்கும். படகுகள் வடக்கே போய்த் தேடின. அன்றைக்கு அது தெற்கே இழுத்திருக்கிறது. அந்தப் புதுமையைச் சொல்லத்தான் அவன் 'ஆனா' என்று தொடங்கியிருக்கிறான். நாலாம் நாள், தெற்கே, மட்டக்களப்பு முகத்துவாரத்துக்கு நேரே வெகு தூரத்தில் வேறு ஊர்ப் படகு ஒன்று கண்டெடுத்தது. யோகனுக்கு உயிர் இருந்தது. தவராசா அதற்கு முதல்நாளே போய்விட்டான். "தெக்கால இழுக்குது, தெக்கால வாங்க எண்டு அத்தான் ரெண்டு தரம் சொன்னவர்" என்று யோகன் ஆஸ்பத்திரியில் சொன்னான்.

நான் அந்தப் போனை எடுத்திருந்தால் என் காதால் கேட்டிருப்பேன். கேட்ட அடுத்த நிமிசம் கரையில் நின்று கத்தியிருப்பேன்.

செத்தவீடு முடிந்து எட்டாம் நாள் சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். உன்னையும் வரச் சொன்னார்கள், வந்தாய். கூட்டம் தொடங்க முன்பே புவனேஸ் எழும்பி உனக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் ஏசினதை நான் மாஸ்டருக்குச் சொல்லவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும். கடைசியில் செயலாளர் கேட்டார்: "பாஸ், நிப்பாட்டிப்போட்டுச் செய்யவேண்டிய வேலையை ஏன் நிப்பாட்டாமச் செய்தீங்க?"

நான் உனக்குக் கொண்டுவந்த தேத்தண்ணிக் கோப்பையோடு உன் பக்கத்தில் நின்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்று தரையையே பார்த்துக்கொண்டு சொன்னாய்: "என்ட பிழைதான். நான்தான் அவசரப்பட்டிட்டன்."

நான் வாய் திறக்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது.

அதற்குப் பிறகு உன்னை யாரும் கூப்பிடவில்லை. நான் மட்டும் மாதத்துக்கு ஒருதரம் பஸ் ஏறி உன் வீட்டுக்கு வருவேன். பின் விறாந்தையில் இருந்து வாவியைப் பார்ப்போம். இறால் வந்திருக்கிறதா, பாலத்தடியில் தண்ணீர் எவ்வளவு, உன் மகள் அவுஸ்திரேலியாவிலிருந்து என்ன சொன்னாள் என்று கதைப்போம். பெட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. உன் மேசையில் இருந்த கருவிகளில் தூசி படிந்தது. மின்விசிறி திருத்தத் தந்தவர்களுக்குக்கூட, "கை நடுங்குது, வேற ஆளப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினாய். உன் கை நடுங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு நீ ஊற்றித் தந்த தேத்தண்ணி ஒருநாளும் தளும்பவில்லை.

பிறகு ஆஸ்பத்திரி. நான் கடைசியாக வந்த அன்று உன் மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். கட்டிலில் என்னைக் கிட்டவாக இருக்கச் சொன்னாய்.

"மச்சான், ஒண்டு கேக்கிறன். அண்டைக்குச் சொன்னியே, ஆள் கடலில நிக்கக்குள்ள கடப்பைக் கட்டுறல்ல எண்டு. அதுக்காகத்தானா வேணாமெண்டா?"

மூன்று வருசமாக அந்தக் கேள்வியை நீ எங்கே வைத்திருந்தாய்? எனக்கு முன்னால் வாசல் திறந்தது. உள்ளே போயிருக்கலாம். நான், "ஓம் மச்சான், அதுக்காகத்தான்" என்றேன்.

"அப்ப சரி" என்றாய். கண்ணை மூடிக்கொண்டாய். "அது சாட்டு எண்டாத்தான் எனக்குக் கவலை."

மச்சான், அது சாட்டுத்தான்.

வழக்கம் உண்மை. நான் சொன்ன காரணம் பொய். அதற்கு முந்தின கிழமை சங்கத்தில் கையொப்பம் வாங்கினார்கள். நான் வழமைபோலப் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தேன். "இவருக்கு மை வாங்கியே சங்கம் முடிஞ்சிரும்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐம்பது வருசமாக அப்படிச் சிரித்துப் பழகினவன். அன்று மட்டும் என்னவோ அது உள்ளே போய்த் தங்கிவிட்டது. நீ போனை மேசையில் வைத்தபோது என் கண்ணுக்கு வந்தது அந்தச் சிரிப்புத்தான். பத்துப் பேர் எடுத்து, ஒருவனுடையதை நான் மாற்றிச் சொல்லிவிட்டால்? எழுதத் தெரியாதவனிடம் கொடுத்தால் இப்படித்தான் என்பார்கள். நீ என் தலையை நம்பினாய். நான் அந்தச் சிரிப்பை நம்பினேன். வெட்கத்தை மறைக்க ஊர் வழக்கத்தை எடுத்துப் போர்த்தினேன். நீ பிற ஊரான், பிற சமயத்தான், வழக்கம் என்றால் மறுத்துப் பேசமாட்டாய் என்றும் தெரிந்துதான் போர்த்தினேன். அதுதான் பெரிய பிழை.

இன்றைக்குச் சங்கத்துக்கு வந்தது வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த பெண் ஒருத்தி. நீ அன்று போட்ட டிஸ்க்கும் நிரம்பிவிட்டதாம். குரல்களை இன்னும் பெரியதொன்றுக்கு மாற்ற வேண்டுமாம். "நிப்பாட்டாமலும் ஓரளவு செய்யலாம் ஐயா. நிப்பாட்டினா இன்னும் நல்லம்" என்றாள்.

"நிப்பாட்டுங்க மகள்" என்றேன். "கொப்பி பண்ணி, எண்ணிப் பாருங்க. பழசுக்கு வேற பேர் வைங்க. புது இடத்தைக் காட்டி எழுப்புங்க. ஒரு மாசத்துக்கு அழிக்காதீங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஐயா எங்க படிச்ச?"

"பள்ளிக்கூடத்தில இல்ல."

படகுகள் வெளியே நின்றன. சங்கத்து நம்பரை ஒரு போனுக்குத் திருப்பிவிட்டு அதை என்னிடம் தரச் சொன்னேன். செயலாளர் தயங்கினார். "எழுதுறதுக்கு ஒரு ஆளையாவது பக்கத்தில இருத்தட்டா?"

"வேணாம். எழுதினா எனக்கு மறந்துபோகும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை ஒன்றும் செய்யவில்லை. இது முன்பே தெரிந்திருக்கக் கூடாதா?

இரண்டு மணித்தியாலம். ஒன்பது செய்தி. எஞ்சினில் புகை, வரச் சுணங்கும். வலை கற்பாரில் சிக்கிற்று. பிள்ளைக்கு மருந்து வாங்கினதா. சூரை நிறைய, ஐஸ் ஆயத்தம் பண்ணு. ஒருவன் ஒன்றும் சொல்லாமல் பாட்டுப் படித்தான். அவன் பெண்சாதிக்கு அது போதுமாம். பெட்டி எழும்பினதும் அவற்றைப் பதிந்துவிட நான் நிற்கவில்லை. போனைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுக் கைத்தடியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். பாட்டையும் என் குரலில் படித்தேன். அவள் சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள்.

பத்தாவதாகப் புவனேஸ் வீட்டுக்குப் போனேன். அவள் நெத்தலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது. அவளுடைய தம்பி யோகன் இன்றைக்கும் கடலில்தான்.

"என்ன மாமா? யோகனுக்கு என்ன?"

"ஒண்டுமில்ல புள்ள. அவன் சுகம். இது என்ட செய்தி."

எல்லாவற்றையும் சொன்னேன். போன், மை, சிரிப்பு, கடப்பு. ஆஸ்பத்திரியில் உனக்குச் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவள் கை நெத்தலியைப் பரப்பிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"அப்ப பாஸ் நிப்பாட்டத்தான் கேட்டவரா?"

"ஓம்."

"நீங்கதான் வேணாமெண்ட?"

"ஓம் புள்ள."

"அந்த மனிசன்ட தாயையும் சேத்து ஏசினன் நான். நீங்க பக்கத்தில நிண்டீங்க."

"ஓம்."

"தேத்தண்ணிக் கோப்பையோட."

"ஓம்."

அவள் மிச்ச நெத்தலியையும் பரப்பி முடித்தாள். நான் போகவில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"நீங்க செய்தி கொண்டு போற ஆள்தானே? அவருக்கு ஒண்டு கொண்டு போங்க." சொன்னாள். "எங்க, திருப்பிச் சொல்லுங்க பாப்பம்." சொல்லிக் காட்டினேன். தலையாட்டினாள். "உங்களுக்கு நான் இன்னும் ஒண்டும் சொல்லல்ல மாமா. அதுக்கு எனக்கு நாள் வேணும். இப்பப் போங்க."

அந்த நாள் வரும்போது நான் இருப்பேனோ தெரியாது. வரட்டும். அரைக் குரலாகத் தவராசா சொன்னதை இத்தனை காலம் தலைக்குள் கொண்டு திரிகிறேன். அவள் சொல்லப்போவதையும் கொண்டு திரிவேன். உனக்கு அவள் சொல்லிவிட்டதை மட்டும் வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை. அதற்காகத்தான் நேரே மாஸ்டர் வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னேன். அவள் சொன்னது இது:

"பாஸ், நான் ஏசினது ஏசினதுதான். என்ட மனிசன் போனவர், எனக்கு ஏசத்தான் வேணும். ஆனா அது ஆள் மாறி உங்களில விழுந்திட்டு. உங்கட அம்மாவையும் சொன்னன், அதை முதல்ல திருப்பி எடுக்கிறன். மிச்சத்தையும் எடுக்கிறன். நீங்க கேட்ட ரெண்டு மணித்தியாலத்தை என்னட்டக் கேட்டிருந்தா நான் தந்திருப்பன்."

ஒரு சொல்லும் விடவில்லை, மச்சான். முழுதாகக் கொண்டு வந்திருக்கிறேன்.